ஒரு பீப்பாய் விலாங்கு

1919 டிசம்பர் 24 அன்று காலையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் ஊரில், ஒரு மீன்காரர் வீடு வீடாக விலாங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இத்தாலியர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். மீன்தான் விருந்து, அதிலும் விலாங்கு இல்லாவிட்டால் பண்டிகை வந்த மாதிரியே இருக்காது. அதனால் அந்தத் தெருவில் பலரும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அன்றைக்கு.

அதே காலை, ஏழரை மணி தாண்டிச் சில நிமிடங்களில், சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில், ஷூ தொழிற்சாலைக்குச் சம்பளப் பணம் கொண்டுபோன வண்டியைச் சிலர் மறித்தார்கள். ஒருவன் கையில் ஷாட்கன். இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை, பணமும் கிடைக்கவில்லை, வந்த காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஒரே ஆள் இரண்டு ஊரிலும் இருக்க முடியாது. எங்கள் தொழிலில் இதற்கு அலிபி என்று பெயர். சட்டப் புத்தகத்தில் அரைப் பக்கம்தான் வரும். கோர்ட்டில் அதை நிரூபிக்கிற பாடு நாய்படாத பாடு.

நான் தென் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் கிரிமினல் சைடு வழக்காடுகிறேன். வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் மீன்பிடித் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள். அமெரிக்காவில் இரண்டு இத்தாலியத் தொழிலாளர்களுக்கு 1927-இல் மரண தண்டனை நிறைவேற்றிய சாக்கோ – வான்செட்டி வழக்கு சட்டக் கல்லூரியில் ஒரு பெயராகக் காதில் விழுந்ததோடு சரி. இந்தக் கோடை விடுமுறையில்தான் அந்த வழக்கின் முழுப் பதிவையும் உட்கார்ந்து படித்தேன். 1928-29-இல் ஆறு தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். எல்லோரும் பேசுவது டெடம் ஊரில் நடந்த கொலை வழக்கைப் பற்றி. எனக்குத் தொண்டையில் நிற்பது அதற்கு ஒரு வருடம் முன்னால் பிளிமத்தில் நடந்த சின்ன வழக்கு. மீன்காரர் வான்செட்டி மட்டும் தனியாக நின்ற வழக்கு.

பார்த்தலோமியோ வான்செட்டி 1888 ஜூன் 11-இல் இத்தாலியின் வடமேற்கில், குனேயோ பக்கம் வில்லாஃபலெட்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கொஞ்சம் நிலம் வைத்திருந்த விவசாயி. பையனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. ஒரு நாள் அப்பா பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தார்: மாதம் 35 லிரா சம்பளத்தில் ஒரு வேலை, அதற்கு 42 வக்கீல்கள் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். படிப்பு போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். (இதை எங்கள் பார் அசோசியேஷன் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம்.) 1901-இல், பதின்மூன்று வயதுப் பையனை குனேயோவில் ஓர் இனிப்புக் கடையில் வேலைக்குச் சேர்த்தார். காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை வேலை. மாதத்தில் இரண்டு தடவை, தடவைக்கு மூன்று மணி நேரம் ஓய்வு.

இப்படி ஊர் ஊராக ஆறு வருடம். 1907-இல் தூரின் நகரத்தில் நுரையீரல் உறையில் அழற்சி வந்து படுத்துவிட்டார். அப்பாவே வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். அம்மா பார்த்துப் பார்த்துத் தேற்றினாள். மகன் எழுந்து நடமாடியபோது அம்மா விழுந்தாள். புற்றுநோய். மகன் மடியிலேயே உயிர் போனது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1908 ஜூனில் கிளம்பி, பிரான்ஸ் வழியாகக் கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வயது இருபது. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களை அதிகாரிகள் மாடுகளைப் போல நடத்தினார்கள் என்று சிறையிலிருந்து எழுதிய சின்னத் தன்வரலாற்றில் சொல்கிறார்.

அந்தத் தன்வரலாற்றை எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். வசனமே கிடையாது, வேலைதான் இருக்கிறது. நியூயார்க்கில் பெரிய உணவகம் ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறார். ஒரு நாள் பன்னிரண்டு மணி நேரம், மறுநாள் பதினான்கு. கொதிநீரின் ஆவி மேல்கூரையில் பட்டு, அங்கிருக்கிற தூசியையும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக அவர் தலையிலேயே விழுகிறது. வாரக் கூலி ஐந்தாறு டாலர். காசநோய் வந்துவிடும் என்று பயந்து எட்டு மாதத்தில் விட்டுவிடுகிறார். பிறகு கனெக்டிகட் பக்கம் வேலை தேடி நடையாக நடக்கிறார். செங்கல் சூளை, கல்குவாரி. மறுபடி நியூயார்க் வந்து, கற்ற தொழிலான இனிப்பு வேலையில் சேர்ந்தால் சில மாதத்தில் காரணம் சொல்லாமல் நீக்குகிறார்கள். விசாரித்தால் விஷயம் இதுதான்: ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு புது ஆளிடமும் கமிஷன் வாங்கி, அதில் தலைமைச் சமையல்காரனுக்குப் பங்கு கொடுக்கிறான். பழைய ஆளை எத்தனை சீக்கிரம் விரட்டுகிறார்களோ அத்தனை லாபம். இந்த ஏற்பாட்டுக்கு இன்றைக்கும் வயதாகவில்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வழக்குகளில் இதே கணக்கை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் பிளிமத். அங்கே கயிறு ஆலை ஒன்று இருந்தது, கப்பல் கயிறு தயாரிப்பதில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. வான்செட்டி அங்கே கயிற்றுச் சுருள் ஏற்றினார். 1916 ஜனவரியில் வேலைநிறுத்தம். ஆணுக்கு வாரம் 9 டாலர், பெண்ணுக்கு 6 டாலர் என்று இருந்த கூலியை உயர்த்தக் கேட்டார்கள். கொஞ்சம் உயர்ந்தது. முன்னால் நின்று பேசி நிதி திரட்டிய வான்செட்டிக்கு அந்த ஆலைக் கதவு அதன்பின் திறக்கவில்லை. சுற்று வட்டாரத்திலும் யாரும் நிலையான வேலை கொடுக்கவில்லை. பள்ளம் தோண்டினார், பனி வாரினார், ஐஸ் வெட்டினார்.

இதற்கு நடுவில் அவர் அனார்க்கிஸ்ட் ஆகியிருந்தார். இந்த இடத்தில் மழுப்பக் கூடாது. பகுத்தறிவு மன்றத்தில் டீ குடித்துக்கொண்டு பேசுகிற வகை இல்லை அது. லூயிஜி கல்லியானி என்பவரின் குழு. அரசு, முதலாளி, மதகுரு எதுவும் ஆகாது, பதிலடியாக வெடிகுண்டும் தப்பில்லை என்று சொன்ன குழு. 1917-இல் முதல் உலகப் போருக்குப் பெயர் பதிய மாட்டோம் என்று மெக்ஸிகோவுக்குப் போனவர்களில் வான்செட்டியும் ஒருவர், ஷூ தொழிலாளி நிக்கோலா சாக்கோவும் ஒருவர். 1919 ஜூன் 2 இரவு அமெரிக்க அட்டர்னி ஜெனரல் பால்மரின் வீட்டு வாசலிலும் வேறு பல ஊர்களிலும் குண்டு வெடித்தபோது, போலீஸ் தேடியது இந்தக் குழுவைத்தான். தேடியதில் நியாயமும் இருந்தது. அதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வாரண்டு கூட இல்லாமல் அள்ளிப்போட்டதில் ஒரு நியாயமும் இல்லை.

1919-இல் ஊருக்குத் திரும்பிய இத்தாலியர் ஒருவரிடமிருந்து வண்டி, கத்தி, தராசு எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி, வான்செட்டி மீன் விற்க ஆரம்பித்தார். மேஸ்திரி கிடையாது, சங்கு ஊதினால் ஓட வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்பு பிரினி என்ற குடும்பத்தோடு குடியிருந்தார், அப்போது செர்ரி தெருவில் ஃபோர்ட்டினி அம்மாள் வீட்டில் ஓர் அறை. பிரினி வீட்டுப் பையன் பெல்த்ராந்தோவுக்கு அவர்மேல் உயிர். டிசம்பர் 24 அன்று வண்டியோடு கூடப்போய் விலாங்குப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொடுத்தது அந்தப் பையன்தான். வயது பதின்மூன்று.

சரி, கைதுக்கு வருவோம். 1920 மே 5 இரவு, பிராக்டன் ஊரில் டிராமில் வைத்து சாக்கோவையும் வான்செட்டியையும் பிடித்தார்கள். இரண்டு பேரிடமும் துப்பாக்கி. வான்செட்டி சட்டைப்பையில் நான்கு ஷாட்கன் தோட்டா வேறு. எதற்குப் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேட்ட கேள்வியெல்லாம் நீ அனார்க்கிஸ்டா, யார் யாரைத் தெரியும் என்பது. இரண்டு நாள் முன்புதான், மே 3 அன்று, அவர்களுடைய தோழர் ஆந்த்ரேயா சல்செதோ நியூயார்க்கில் அரசின் காவலில் இருந்தபோது பதினான்காவது மாடியிலிருந்து கீழே விழுந்து செத்திருந்தார். தாங்களும் அந்த வரிசைதான் என்று இருவரும் நினைத்தார்கள். வாயில் வந்த பொய்யெல்லாம் சொன்னார்கள். நண்பனைத் தெரியாது என்றார்கள், துப்பாக்கி எங்கே வாங்கியது என்பதை மாற்றிச் சொன்னார்கள். அன்றிரவு அவர்கள் ஒரு கார் எடுக்கப் போயிருந்தார்கள். போலீஸ் சோதனைக்கு முன்னால் தங்கள் பிரசுரங்களை அப்புறப்படுத்த என்று பிறகு சொன்னார்கள். வெடிமருந்தாகவும் இருந்திருக்கலாம் என்பது சில வரலாற்றாசிரியர்களின் சந்தேகம். எது எப்படியோ, அந்தப் பொய்கள் பின்னால் கோர்ட்டில் "குற்ற உணர்வின் அடையாளம்" என்ற பெயரில் அவர்கள் கழுத்தைச் சுற்றின.

போலீஸ் கையில் இரண்டு வழக்குகள் இருந்தன. ஒன்று பிரிட்ஜ்வாட்டர். இன்னொன்று பெரிது: 1920 ஏப்ரல் 15 அன்று தெற்கு பிரெய்ன்ட்ரீயில் பட்டப்பகலில் சம்பளப் பணம் எடுத்துப்போன பார்மென்டர், பெராதெல்லி என்ற இருவரைச் சுட்டுக் கொன்று 15,776 டாலரைக் கொள்ளையடித்த வழக்கு. இதில் செத்த பெராதெல்லியும் பிழைக்க வந்த இத்தாலியர் என்பதை இந்த வழக்கைப் பற்றி உணர்ச்சியோடு எழுதுகிறவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். பிரிட்ஜ்வாட்டர் வழக்கில் சாக்கோவைச் சேர்க்க முடியவில்லை. ஏன்? டிசம்பர் 24 அன்று அவர் ஷூ தொழிற்சாலையில் வேலையில் இருந்தார் என்று நேர அட்டை சொன்னது. அட்டையில் நேரம் பதிவாகியிருக்கிறது, விஷயம் முடிந்தது. தள்ளுவண்டிக்காரரிடம் அப்படி ஓர் அட்டை இல்லை. அவரிடம் இருந்தது மனிதர்கள்.

1920 ஜூன் 22-இல் பிளிமத்தில் விசாரணை ஆரம்பம். நீதிபதி வெப்ஸ்டர் தேயர், அரசுத் தரப்பில் ஃபிரெடெரிக் காட்ஸ்மன், வான்செட்டிக்கு ஜான் வேஹி. வான்செட்டி பக்கத்துக்கு ஒரு டஜனுக்கும் மேல் சாட்சிகள். ஃபோர்ட்டினி அம்மாள் வந்து, அன்று காலையில் அவரை எழுப்பியதே நான்தான் என்றார். பேக்கரிக்காரர் பஸ்தோனி, ஏழே முக்காலுக்கு என்னிடம் வந்து குதிரை வண்டி கேட்டார், எனக்கே வேலை இருந்ததால் கொடுக்கவில்லை என்றார். விலாங்கு வாங்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பண்டிகைக்கு முதல் நாள் எப்படி மறக்கும் என்றார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் சரளமில்லை. ஒவ்வொரு கேள்வியும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய், பதில் சுருங்கிப்போய்த் திரும்பி வந்தது. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்கிற பன்னிரண்டு ஜூரர்களில் ஒரு இத்தாலியர் இல்லை.

பையன் பெல்த்ராந்தோ ஏறினான். ஈரத்தில் போகாதே, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போ என்று அப்பா திருப்பி அனுப்பியதிலிருந்து, எந்த வீட்டுக்கு எது கொடுத்தேன் என்பதுவரை சொன்னான். காட்ஸ்மன் குறுக்கு விசாரணை நன்றாகச் செய்தார். ரசித்துச் சொல்லவில்லை, தொழில்காரனாகச் சொல்கிறேன். கதையை மறுபடி சொல்லு என்றார், மறுபடி சொல்லு என்றார். வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாய் என்றார். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி கற்றுக்கொண்டாயா என்று கேட்டார். பையன் ஆமாம் என்றுவிட்டான்.

எந்தக் குழந்தை சாட்சியும் அப்படித்தான் சொல்லும். கோர்ட்டுக்குப் போகிற பிள்ளையிடம் பெற்றோர் நாலு தடவை கேட்டுப் பார்க்காமலா அனுப்புவார்கள்? ஆனால் ஜூரிக்கு அந்த ஒரு ஆமாம் போதுமாக இருந்தது.

அரசுத் தரப்பில் பார்த்தால், துப்பறியும் நிறுவனத்திடம் சாட்சிகள் முதலில் சொன்னது கத்தரித்த குட்டை மீசை. வான்செட்டிக்கோ வாய் ஓரம் வழிந்து தொங்குகிற புதர் மீசை. ஊர் நாவிதரே வந்து, இந்த மீசையை யாரும் குட்டையாக வெட்டியதில்லை என்று சாட்சி சொன்னார். விசாரணைக்குள் அரசுத் தரப்புச் சாட்சிகளின் நினைவில் மீசை வளர்ந்திருந்தது. அடையாள அணிவகுப்பு நடக்கவில்லை. ஆளைத் தனியாக நிறுத்தி, இவர்தானா பாருங்கள் என்று காட்டியிருந்தார்கள். ஒரு பதினான்கு வயதுப் பையன் சொன்ன சாட்சியம் மட்டும் இன்றைக்கும் பேசப்படுகிறது: அந்த ஆள் ஓடிய விதத்தைப் பார்த்தே வெளிநாட்டான் என்று தெரிந்துகொண்டேன் என்றான். அவனை யாரும் பள்ளிக்கூடப் பாடமா என்று கேட்கவில்லை.

வான்செட்டி கூண்டில் ஏறவே இல்லை. ஏறினால் அனார்க்கிஸ்ட் விஷயம் வெளியே வரும், வேண்டாம் என்பது வக்கீலின் ஆலோசனை. தப்பான ஆலோசனை என்று சட்டென்று சொல்ல மாட்டேன். நானும் கட்சிக்காரர்களிடம் வாயைத் திறக்காதே என்று சொல்கிறவன்தான். ஆனால் ஊரே அலிபி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஜூரி என்ன நினைக்கும்? இந்த வேஹி நான்கு வருடம் கழித்து 1924-இல் யாரோடு கூட்டாகத் தொழில் செய்யப் போனார் தெரியுமா? அதே காட்ஸ்மனோடு. சட்டப்படி குற்றமில்லை. படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 1 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. ஆகஸ்டில் 12 முதல் 15 வருடம் தண்டனை. யாருக்கும் ஒரு கீறல் விழாத, பத்துப் பைசா போகாத முயற்சிக்கு. அதுவரை அவர்மேல் ஒரு வழக்கும் கிடையாது. அடுத்த வருடம் கொலை வழக்கில் நிற்கும்போது அவர் ஏற்கெனவே தண்டனை பெற்ற கொள்ளைக்காரர்.

எனக்கும் ஒரு கட்சிக்காரர் இருந்தார். துறைமுகத்தில் ஐஸ் பார் உடைப்பவர். காலை ஆறு மணிக்கு ஊருக்குள் நடந்த ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கில் மாட்டிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவர் ஏலக்கூடத்தில் நின்று ஐஸ் உடைத்துக்கொண்டிருந்ததை ஆறு பேர் கூண்டேறிச் சொன்னார்கள். பி.பி. (அரசு வக்கீல்) எழுந்து ஒரே வரிதான் சொன்னார்: "எல்லாரும் ஒரே குப்பத்துக்காரங்க, யுவர் ஆனர்." விடியற்காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் குப்பத்துக்காரர்கள் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்? கீழ்க் கோர்ட்டில் தண்டனை. அப்பீலில் விடுதலை, அதுவும் அலிபிக்காக இல்லை, அடையாள அணிவகுப்பு நடத்தாததற்காக. நெருங்கிய உறவினர் என்பதாலேயே சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1953-லேயே தலிப் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ தடவை நீட்டியிருக்கிறேன். நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தெற்கு பிரெய்ன்ட்ரீ கொலைகளுக்காக டெடமில் நடந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. 1921 மே 31 முதல் ஜூலை 14 வரை. மறுபடி அதே தேயர், அதே காட்ஸ்மன். இரண்டு கைதிகளும் இரும்புக் கூண்டுக்குள். ஏப்ரல் 15 அன்றும் வான்செட்டி பிளிமத்தில் மீன்தான் விற்றார். ரோசன் என்ற துணி வியாபாரியிடம் ஓட்டை விழுந்த துணி ஒன்றை மலிவாக வாங்கி, நல்லதா பாருங்கள் என்று பிரினி அம்மாளிடம் காட்டியிருந்தார். கரையில் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மெல்வின் கார்ல் என்ற மீனவரோடு பேசிக்கொண்டு நின்றிருந்தார். கார்ல் இத்தாலியர் இல்லை, உள்ளூர் வெள்ளைக்காரர். மனைவியின் பிறந்தநாளுக்குப் படகைத் தண்ணீரில் இறக்கியதை வைத்து, அதற்கு இரண்டு நாள் முந்தி என்று தேதியைச் சரியாகச் சொன்னார். அவரையும் நம்பவில்லை. பிரினி அம்மாள் பிளிமத் வழக்கிலும் சாட்சி சொன்னதால், எதற்கும் தயாராக வைத்திருக்கும் சாட்சி என்று அவரை ஒதுக்கினார்கள்.

மறுபக்கம், ரயில்வே கேட்காரர் ஒருவர் வான்செட்டிதான் காரை ஓட்டினார் என்றார். வான்செட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டியவன் வெளிறிய முகம், செம்பட்டை முடி என்று அரசுத் தரப்பின் மற்றச் சாட்சிகளே சொன்னார்கள். காட்ஸ்மன் என்ன செய்தார்? கேட்காரர் ஆளைச் சரியாகத்தான் பார்த்தார், இருக்கையைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டார், வான்செட்டி ஓட்டுநருக்குப் பின்னால் இருந்திருப்பார் என்று ஜூரியிடம் விளக்கினார். இதைக் கேட்டுக்கொண்டு எழுந்து ஆட்சேபிக்காமல் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. வான்செட்டி சுட்டார் என்று யாருமே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிக் குண்டு விஷயத்தில் அரசுத் தரப்பு நிபுணர்களில் ஒருவர் மாநிலப் போலீஸ் கேப்டன் பிராக்டர். பெராதெல்லியைக் கொன்ற குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று கேட்டபோது, அதிலிருந்து வந்திருந்தால் எப்படி இருக்குமோ அதற்குப் பொருந்துகிறது என்றார். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமே விலாங்கு, அந்தப் பதில். 1923-இல் அவரே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்: நேராகக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது காட்ஸ்மனுக்குத் தெரியும், அதனால்தான் கேள்வியை அப்படி அமைத்தார் என்று.

இருவரும் கொலைக் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. அதன்பின் மறுவிசாரணை மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மாசசூசெட்ஸில் அன்றைய நடைமுறைப்படி அவற்றைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டியது விசாரித்த அதே நீதிபதி. மேல் கோர்ட் சட்டப் பிழையை மட்டும் பார்க்கும், சாட்சியத்தை எடைபோடாது. ஆக, தேயரின் விசாரணை சரியா என்று தேயரே முடிவு செய்தார். தேயர் பாரபட்சமானவர் என்ற மனுவையும் தேயரே கேட்டார். 1924-இல் மனுக்களைத் தள்ளிவிட்டு, கால்பந்து மைதானத்தில் ஒரு பேராசிரியரிடம் அந்த அனார்க்கிஸ்ட் தேவடியாப் பயல்களை என்ன செய்தேன் பார்த்தீர்களா என்று பெருமையடித்தவர் அவர். 1925 நவம்பரில் வேறொரு கொலை வழக்கில் தண்டனை பெற்ற செலஸ்டினோ மதேரோஸ் என்ற கைதி, தெற்கு பிரெய்ன்ட்ரீ கொள்ளையில் இருந்தது நான், சாக்கோவும் வான்செட்டியும் அதில் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தான். அதையும் தேயர் தள்ளினார். இந்தச் சட்டத்தை 1939-இல்தான் மாற்றினார்கள். மரண தண்டனை வழக்குகளில் மேல் கோர்ட் முழு வழக்கையும் பார்க்கலாம் என்று ஆனது. பன்னிரண்டு வருடம் தாமதம்.

சிறையில் வான்செட்டி ஆங்கிலம் கற்றார். முதல் கடிதங்களில் எழுத்துப்பிழையும் இலக்கணக் கோணலும் நிறைய. கடைசிக் கடிதங்களிலும் கோணல் இருக்கிறது, ஆனால் அதை யாரும் திருத்தத் துணியமாட்டார்கள். அப்படி ஒரு வலு. 1925-இல் மனம் தடுமாறிச் சில மாதம் மனநோய்ச் சிறை மருத்துவமனையில் இருந்தார். அது எந்த ஊரில் இருந்தது என்றால், பிரிட்ஜ்வாட்டரில்.

1927 ஏப்ரல் 9 அன்று தண்டனைக்கு முன் ஏதாவது சொல்வதற்கு உண்டா என்று கேட்டார்கள். முக்கால் மணி நேரம் போலப் பேசினார். இரண்டு குற்றத்திலும் நான் நிரபராதி என்று ஆரம்பித்தார். பிளிமத் வழக்கையும் விடாமல் இழுத்துப் பேசினார். அதை எல்லோரும் மறந்துவிட்டாலும் அவர் மறக்கவில்லை. நான் தீவிரக் கொள்கைக்காரன் என்பதற்காகத் துன்பப்படுகிறேன், ஆமாம் தீவிரக் கொள்கைக்காரன்தான். இத்தாலியன் என்பதற்காகத் துன்பப்படுகிறேன், ஆமாம் இத்தாலியன்தான் என்றார். என்னை இரண்டு தடவை கொன்று நான் இரண்டு தடவை பிறந்தாலும் இதே வாழ்க்கையைத்தான் வாழ்வேன் என்றார். தேயர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடம் கோடையில், வழக்கு ஆளுநர் ஃபுல்லரின் மேசையில் கருணை மனுவாக இருந்தபோது, வான்செட்டி தரப்பு வக்கீல்களில் ஒருவரான ஹெர்பர்ட் எர்மன் பாஸ்டனில் மீன் மொத்த வியாபாரிகளிடம் போய் விசாரித்தார். விலாங்கு எங்கிருந்தாவது வந்திருக்கத்தானே வேண்டும்? ஒரு கடையில் பழைய ரசீதுகள் அடைத்த பெட்டி இருந்தது. அதைக் கொட்டித் தேடியதில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பார்சல் ரசீது ஒன்று அகப்பட்டது. தேதி 1919 டிசம்பர் 20. பெறுநர் பா. வான்செட்டி, பிளிமத். சரக்கு: உயிர் விலாங்கு, ஒரு பீப்பாய், 40 பவுண்டு.

ஏழு வருடம் அந்தத் தாள் அங்கேயே கிடந்திருக்கிறது. பிளிமத்திலிருந்து பாஸ்டன் அறுபத்து சொச்சம் கிலோமீட்டர். 1920-இல் ஒரு ஜூனியரை ரயிலேற்றி அனுப்பியிருந்தால் போதும். ரசீதை ஆளுநரிடம் கொடுத்தார்கள். அவர் நியமித்த ஆலோசனைக் குழுவில் ஹார்வர்டு தலைவர் லோவெல், எம்.ஐ.டி. தலைவர் ஸ்ட்ராட்டன், முன்னாள் நீதிபதி ராபர்ட் கிராண்ட் இருந்தார்கள். தேயர் வெளியே பேசிய பேச்சு முறையற்றது, ஆனால் விசாரணை நேர்மையானது என்று முடித்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று ஃபுல்லர் கருணை மறுத்தார்.

தங்கை லுயிஜினா இத்தாலியிலிருந்து கப்பலேறி, கடைசி நாட்களில் வந்து சேர்ந்தார். பத்தொன்பது வருடம் கழித்து அண்ணனைப் பார்த்தது சார்ல்ஸ்டவுன் சிறையில். ஆகஸ்ட் 22 நள்ளிரவு தாண்டியதும் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். முதலில் மதேரோஸ், பிறகு சாக்கோ, கடைசியில் வான்செட்டி. சிறை அதிகாரியோடு கைகுலுக்கி, நான் நிரபராதி என்று ஒரு தடவை சொல்லி, இப்போது எனக்கு இதைச் செய்கிறவர்களில் சிலரை மன்னிக்க விரும்புகிறேன் என்றார். சிலரை. அந்த நேரத்திலும் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சாக்கோ விஷயத்தில் இன்றும் சண்டை ஓயவில்லை. 1961-இல் நடந்த பரிசோதனை அந்தக் குண்டு அவர் துப்பாக்கியிலிருந்து வந்தது என்றது. குண்டையே மாற்றி வைத்திருக்கலாம் என்று மறுதரப்பு. அவர்களுடைய நண்பரான கார்லோ த்ரெஸ்காவே பிற்காலத்தில், சாக்கோ செய்தான், வான்செட்டி செய்யவில்லை என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வான்செட்டியைப் பொறுத்தவரை, எந்தப் பக்கம் சாய்ந்து படித்தாலும் எனக்கு ஒரு சாட்சியமும் கையில் ஒட்டவில்லை.

1977 ஆகஸ்ட் 23 அன்று, ஐம்பதாவது நினைவுநாளில், ஆளுநர் டுகாக்கிஸ் அறிக்கை வெளியிட்டார். விசாரணை நேர்மையாக நடக்கவில்லை, அவர்கள் பெயர்களிலிருந்து களங்கம் நீக்கப்பட வேண்டும் என்று. மன்னிப்பு வழங்கவில்லை, நல்ல வேளை. மன்னிப்பு என்றால் குற்றம் செய்ததாக ஆகிவிடும். நிரபராதிகள் என்றும் சொல்லவில்லை. தீர்ப்புகளை ரத்து செய்யவும் இல்லை, அறிக்கைக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பெல்த்ராந்தோ பிரினி வளர்ந்து பள்ளித் தலைமையாசிரியரானார், வயலினும் வாசித்தார். வயதான காலத்தில் வரலாற்றாசிரியர்கள் தேடிப்போய்க் கேட்டபோதும் அன்று காலை வண்டியோடு போனதைத்தான் சொன்னார்.

அந்தத் துப்பாக்கிக் குண்டு விவகாரத்தைப் பற்றித் தனியாக எழுத ஆசை. படங்களோடு எழுதவேண்டிய விஷயம், நேரம் பிடிக்கும். திங்கட்கிழமை கோர்ட் திறக்கிறது, முதல் நாளே இரண்டு ஜாமீன் மனு. பார்ப்போம்.